ஜெபல் அலி வழியில் ஸ்வீடன் காலனி: 17ஆம் எண் வீட்டின் மூன்று படி

போன மாதம் இந்த வலைப்பக்கத்தில் ஒரு தம்பி கேட்டிருந்தார். ஜெபல் அலியில் வேலை கிடைத்திருக்கிறதாம், லீவு நாளில் சுற்றிப் பார்க்க அந்தப் பக்கம் ஏதாவது உண்டா என்று. உண்டு தம்பி, ஆனால் நீங்கள் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தாமதமாகக் கேட்கிறீர்கள். அங்கே ஒரு காலத்தில் மணலுக்கு நடுவே ஒரு துண்டு ஸ்வீடன் இருந்தது. 1977 ஆகஸ்டில் நானும் என் ஆறு வயது மகள் வள்ளியும் அங்கே போய் இறங்கினோம். அந்தக் கதையை எழுதிவிடுகிறேன், அதற்குள் வழியும் வரும்.

என் வீட்டுக்காரர் துறைமுகக் கட்டுமானத்தில் டிராஃப்ட்ஸ்மேன். அவர் பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்பும்போது வள்ளிக்கு இரண்டு வயது. நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை லீவில் வந்தார், அதுவும் இருபது நாள். குடும்பத்தைக் கூட்டி வர வேண்டும் என்றால் கம்பெனி வீடு கொடுக்க வேண்டும். வீடு இல்லாவிட்டால் ஆறு பேர் படுக்கிற பேச்சிலர் ரூம்தான். எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஒரு வீட்டை வாங்கிவிட்டார். அதிலும் ஒரு கொக்கி. ஸ்வீடனிலிருந்து ஓர் என்ஜினியர் குடும்பம் வரும் வரைக்கும் அறுபது நாள்தான். அவர்கள் வந்ததும் நாங்கள் இருவரும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும்.

அறுபது நாளாவது கிடைத்ததே என்று பம்பாயில் விமானம் ஏறினோம். துபாயில் இறங்கும்போது மாலை நாலு பத்து. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த காற்றில், விமானத்தின் என்ஜின் பக்கமாகத் தவறி இறங்கிவிட்டோமோ என்றுதான் நினைத்தேன். அதுதான் அந்த ஊர்க் காற்றாம். வெளியே மீசையும் சட்டையும் நனைந்து நின்ற மனிதரைக் காட்டி, "அப்பாட்ட போ" என்றேன். வள்ளி என் சேலைக்குள் புகுந்துகொண்டாள். அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. 

அப்போது விமான நிலையத்திலிருந்து டாக்சியில் தேரா பத்து நிமிஷம். தேராவில் சாமான் வாங்கி, ஆளுக்கு 25 பில்ஸ், அதாவது கால் திர்ஹம், கொடுத்து அப்ராவில் கடவை (ஊருக்குள் புகுந்த கடற்கழி) தாண்டி, அக்கரையில் இன்னொரு டாக்சி. (அப்ரா என்பது கூரை போட்ட மரப்படகு. இப்போதும் ஓடுகிறது, ஒரு திர்ஹம்.) அங்கிருந்து காலனிக்கு 34 கிலோமீட்டர். பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் ஐம்பது நிமிஷம் ஓட்டினார். பாதி வழியில் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பெஹன்ஜி, உதர் குச் நஹி. சிர்ஃப் ரேத்," என்றார். அங்கே ஒன்றுமில்லை, வெறும் மணல்தான் என்று எனக்காக வருத்தப்பட்டார், பாவம்.

மணல் மேட்டைத் தாண்டியதும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசை மர வீடுகள். சுவரெல்லாம் காவிச் சிவப்பு, ஜன்னல் சட்டம் எல்லாம் வெள்ளை, கூரை செங்குத்தாக இறங்குகிறது. அத்தனையையும் பலகை பலகையாக ஸ்வீடனிலிருந்து கப்பலில் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். "கூரை எதுக்கு இப்படி நட்டமா நிக்கு?" என்று கேட்டேன். "பனி விழுந்தா வழுக்கிக் கீழ போவதுக்கு" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். வெளியே 44 டிகிரி!

எங்களுடையது 17ஆம் எண். கதவைத் திறந்தால் புதுப் பென்சில் சீவின வாசனை. வாசலை ஒட்டிச் செருப்பு கழற்றி வைக்கவென்றே ஒரு சின்ன அறை, உட்கார்ந்து கழற்றப் பெஞ்சு. வெள்ளைக்காரன் பூட்ஸோடு படுக்கையில் ஏறுவான் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இவர்கள் அப்படி இல்லையாம். செருப்போடு உள்ளே வந்தால் அவர்களுக்கும் ஆகாது. அந்த அறையைப் பார்த்த உடனே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

குளியலறைக்குப் பக்கத்தில் இன்னோர் அறை. ஜன்னல் கிடையாது. சுவர், தரை, கூரை எல்லாம் வழுவழுவென்ற பலகை. எதிர்ச் சுவரோரம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அகலமான மூன்று படி. மூலையில் ஓர் இரும்புப் பெட்டி, அதன் நிறையக் கருங்கல். ஒரு மர வாளி, ஒரு நீளப் பிடி மரக் கரண்டி. சுவரில் சூடு பார்க்கும் வட்டம் ஒன்று, அதில் 120 வரை எண் போட்டிருந்தது. துபாய் வெயிலுக்கு அது தேவைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது என்ன ரூமுங்க?"

"ஸ்டோர் ரூம்ட்டி," என்றார் என் வீட்டுக்காரர், வரைபடமே தான் போட்ட மாதிரி. "மூட்டைய அடுக்குததுக்குப் படி வச்சிருக்கான். என்ன மூளை பாத்தியா?"

கல்லெல்லாம் எதற்கு என்று கேட்டேன். கட்டினவன் விட்டுப் போன மிச்சம் என்றார். வாசல்பக்கம் இருந்த திருகு சுவிட்ச் எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தொடக்கூடாது என்று அதன்மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டார். அந்த மனுஷன் தன் ஆயுளில் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று. ஏன் என்று பிறகு தெரியும்.

அறுபது நாளில் அந்தக் காலனியை நான் சல்லடை போட்டுச் சலித்துவிட்டேன். தெருவுக்கு அவர்கள் ஊர் மரத்தின் பெயர் வைத்திருந்தார்கள். தெருவில் இருந்த ஒரே மரம் தண்ணீர் லாரிக்காரர் நட்ட வேப்பங்கன்று. மத்தியானம் மூன்று மணி ஆனால் பொதுக்கூடத்தில் காபி. எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நம்முடைய டிகிரி காபியே தோற்கும், அவ்வளவு கருப்பு, அவ்வளவு கெட்டி. கூடவே பட்டையும் ஏலக்காயும் போட்ட ரொட்டி. ஏலக்காயை ரொட்டியில் போடுகிற ஜனம் நல்ல ஜனமாகத்தான் இருக்கும் என்று நான் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பெனி பஸ் கடவுக்கரைக்குப் போகும், பன்னிரண்டரைக்குத் திரும்பும். அதில் தேராவுக்குப் போய்க் காய்கறி வாங்குவோம்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, வள்ளி மட்டும் அவரிடம் ஒட்டவே இல்லை. அவர் டூட்டி முடிந்து வந்தால் அறைக்குள் ஓடிவிடுவாள். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று ஒரு நாள் பக்கத்து வீட்டு மலையாளி அம்மா கேட்டதற்கு, "நானும் எங்கம்மையும்" என்றாள். பிறகு யோசித்து, "ஒரு மாமாவும்" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது என் காதில், "அந்த மாமா எப்பம்மா அவுக வீட்டுக்குப் போவாவ?" என்று கேட்டாள். அவர் காதில் விழுந்துவிட்டது. மோரை ஊற்றிக்கொண்டே, "கொஞ்ச நாள் ஆவட்டும், சரியாயிரும்," என்றார். கொஞ்ச நாள்தான் எங்களிடம் இல்லை. நாளைக் கிழித்துக் கிழித்துக் காலண்டர் மெலிந்துகொண்டே வந்தது.

அக்டோபரில் நவராத்திரி வந்தது. அறுபது நாள் முடிவதும் அதே வாரம். போகிற வீடுதானே, கொலு எதற்கு என்றார் அவர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த மரப்பாச்சி ஜோடி ஒன்று இருந்தது. அந்த மூட்டை அடுக்குகிற படியை எண்ணிப் பார்த்தேன். மூன்று! கொலுப்படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இதைவிட என்ன வேண்டும்? மஞ்சள் தண்ணீர் விட்டு மூன்று படியையும் தேய்த்துக் கழுவினேன், வேட்டியை விரித்தேன்.

பொம்மைக்கு என்ன செய்ய? வெள்ளிக்கிழமை தேராவில் நம்ம காயல்பட்டினத்துக் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கடைக்குப் போனேன். "தங்கச்சி, பொம்மைன்னா எங்கிட்ட ஒட்டகம்தான் இருக்கு. சின்னது, பெருசு, குட்டியோட உள்ளது," என்றார். மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கினேன். தேங்காயும், பம்பாயிலிருந்து வந்த வெற்றிலையும் எடுத்து வைத்திருந்தார். கொண்டைக்கடலைக்கு அரபு நாட்டில் பஞ்சமே கிடையாது.

ஊரில் கொலுவுக்குப் பக்கத்தில் பூங்கா வைப்போம், கடுகு முளைக்கப் போட்டு. அதற்கு இரும்புப் பெட்டி தோதாக இருந்தது. கல்லை எல்லாம் எடுத்துப் பின்பக்கம் போட்டேன். கூழ் வத்தல் காயப்போட்ட துணி காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்துக்கு நாலாக அவற்றை வைத்தேன், அருமையாக உட்கார்ந்தது. பெட்டிக்குள் அடியில் ஏதோ சுருள் கம்பி தெரிந்தது. வாசல் மணலை அள்ளி அதன்மேல் கொட்டிக் கடுகைத் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். நாலே நாளில் பச்சைப் பசேலென்று வந்தது. பாலைவனத்திலே என் தோட்டம்!

கொலு வைத்தால் அழைக்க வேண்டும். வள்ளிக்குப் பட்டுப் பாவாடை கட்டி, குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போனேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றவளைப் பார்த்ததும் உள்ளே கூட்டிக் காபி கொடுத்தார்கள். மொத்தம் ஏழு வீடு, ஏழு காபி. நெற்றியைக் குனிந்து காட்டிக் குங்குமம் வைத்துக்கொண்டார்கள். முதலாம் எண் வீடு மட்டும் பூட்டியிருந்தது. வீட்டு இலாகாவைப் பார்க்கிற பிர்கிட்டா மேடம் அங்கேதான் இருக்கிறார், டூட்டிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அழைத்த மூன்றாம் நாள், மாலை நாலரை. கதவைத் தட்டும் சத்தம். பனைமரத்தில் பாதி உயரத்துக்கு ஓர் அம்மா, கையில் அட்டை, பென்சில். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதல் விருந்தாளி வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே குஷி. அவர் வாயைத் திறக்குமுன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொலு முன்னால் நிறுத்திவிட்டேன்.

அவர் பார்த்தார். மேல் படியில் முருகன் படமும் மரப்பாச்சியும், நடுவில் மூன்று ஒட்டகம், கீழே பித்தளைச் செம்பும் வள்ளியின் பிளாஸ்டிக் வாத்தும். அவர் கண் அகல விரிந்தது. ஆனந்தத்தில் என்று நினைத்தேன். குங்குமம் வைத்தேன். கொலுவுக்கு வந்தவர்கள் ஒரு பாட்டாவது பாட வேண்டும், வழக்கம் என்று என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். பாவம், இருமுகிற மாதிரி நாலு வரி அவர்கள் பாஷையில் பாடினார். சுண்டலைக் கரண்டியால் அள்ளிக் கொடுத்தேன். அவர் சுண்டலைப் பார்க்கவில்லை, அந்த நீளப் பிடி மரக் கரண்டியையே பார்த்தார்.

"கல் எங்கே?" என்று கேட்டார்.

அப்போதுதான் அட்டையைக் கவனித்தேன். மேலே "வீடு எண் 17" என்று இருந்தது. அதன்கீழே வாளி ஒன்று, கரண்டி ஒன்று, கல் முப்பது என்று வரிசையாக. வீட்டைத் திரும்ப வாங்க, திங்கட்கிழமை வருவதாக ஆபீஸில் சொல்லியிருந்த சோதனைக்கு இரண்டு நாள் முந்தியே வந்துவிட்டார், பிர்கிட்டா மேடம். விருந்தாளி என்று நினைத்து நான் பாடச் சொன்னது எங்களை ஊருக்கு அனுப்ப வந்தவரை.

வள்ளி கூச்சமில்லாமல் அவர் விரலைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போய், வத்தல் துணியில் கல்லைக் காட்டினாள். அவர் திரும்பி வந்து முழங்காலிட்டுக் கடுகுச் செடிக்குள் கையை விட்டார். மணலுக்குள்ளிருந்து விரல் துரு நிறத்தில் வந்தது. பிறகுதான் பொறுமையாக எனக்கு விளக்கினார். அந்த இரும்புப் பெட்டி மின் அடுப்பாம், பிளாஸ்திரி போட்ட சுவிட்சைத் திருகியிருந்தால் கொலுவே வெந்திருக்குமாம். கல் காய்ந்ததும் கரண்டியால் தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்பி, அந்தப் படிகளில் உட்கார்ந்து வியர்ப்பார்களாம். சௌனா என்று பெயர். சேலை கட்டிக்கொண்டா என்று கேட்டேன். ஒன்றுமே கட்டிக்கொள்ளாமல் என்றார்.

ஐயோ முருகா! உன்னைக் கொண்டுபோய் எங்கே உட்கார வைத்திருக்கிறேன்! நல்ல வேளை, மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினேன் என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. இன்னொரு பக்கம், அடுப்பைக் கெடுத்துவிட்டோம், இனி நிச்சயம் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று அடித்துக்கொண்டது. வேற்று நாட்டு மனுஷி முன்னால் அழக்கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. இந்தப் பிள்ளைக்கு இன்னும் அப்பாவைத் தெரியவில்லை, நாங்கள் போனால் பிறகு எப்போது தெரியும் என்று தமிழும் இங்கிலீஷுமாகக் கொட்டிவிட்டேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

 பிர்கிட்டா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தாளை நிரப்பினார். கடைசியில் ஒரு கட்டம். நான் அழுததை எல்லாம் கேட்டு நின்ற வள்ளியைக் கூப்பிட்டு, இந்த வீட்டில் எத்தனை பேர் என்று விரலை விரித்துக் கேட்டார்.  மாமா கணக்கைச் சொல்லிவிடப் போகிறாளே என்று நான் வாயைத் திறந்தேன்.

வள்ளி விரலை மடக்கினாள். "எங்கம்மை. நான்." பிறகு கதவைப் பார்த்தாள். டூட்டி முடிந்து வந்த அவர், மேடத்தைக் கண்டு அப்படியே நிலைப்படியில் நின்றிருந்தார். "எங்கப்பா," என்றாள். மூன்று விரலைக் காட்டினாள்.

என் வீட்டுக்காரர் ஷூவைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தவர், நிமிர ரொம்ப நேரம் ஆனது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பிர்கிட்டா மூன்று என்று எழுதினார். பிறகு எழுந்து, ஆபீஸ் குரலில் சொன்னார்: "இந்த வீட்டு சௌனா வேலை செய்யாது. சௌனா இல்லாத வீட்டை எங்கள் நாட்டுக் குடும்பத்துக்குக் கொடுக்க எனக்கு விதி இல்லை. அவர்களுக்கு ஒன்பதாம் எண்ணைக் கொடுப்பேன். புது அடுப்பு ஸ்வீடனிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதுவரை இந்த வீட்டில் நீங்கள் இருக்கலாம்."

"கப்பல் எப்ப வரும்?" என்று கேட்டார் இவர். பிர்கிட்டா ஜன்னல் வழியாகக் கடலைக் காட்டினார். அந்த நாளில் சரக்கை இறக்க இடம் கிடைக்காமல் கப்பல்கள் மாதக் கணக்கில் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும். எண்ணவே முடியாது, அத்தனை கப்பல். அந்தக் காட்சியை இவ்வளவு ஆசையாக யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். போகும்போது வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தேன். அவர் உயரத்துக்கு அந்தத் துணி ஒரு கைக்குக்கூடக் காணாது.

சரி தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலனி இப்போது இல்லை. மகளோடு போய்த் தேடினேன், அந்த இடமெல்லாம் கிடங்கும் லாரி நிறுத்தமும்தான். லீவு நாளில் தேரா பக்கம் போங்கள். சாயங்காலம் நாலரைக்கு மேல் அப்ரா ஏறுங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். போவதானால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், மற்ற மாதத்தில் வெயில் உங்களை வறுத்துவிடும். ரூமில் எந்த ஊர்க்காரன் இருந்தாலும் போய்ப் பேசுங்கள், காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தெரியாத சுவிட்சைத் தொடாதீர்கள். முக்கியமாக, குடும்பத்தைக் கூட்டி வர வழி இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். பிள்ளைகள் காத்திருப்பதில்லை, வளர்ந்துவிடுகிறார்கள்.

அடுப்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மறு வருஷம் மே மாதம் ஒரு நாள், மத்தியானம் இரண்டரைக்கு லாரி வந்தது. வாசலில் ஒரு பெரிய மரப்பெட்டியை இறக்கினார்கள். நான் உள்ளே போய்ச் சத்தமில்லாமல் எங்கள் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தேன். பின்னாலேயே ஷூவைக் கழற்றிவிட்டு பிர்கிட்டா வந்தார். அந்த மூன்று படியின் முன்னால் நின்று கையால் உயரம் அளந்தார். வெளியே இருந்த பெட்டியை ஆணி பிடுங்காமலே உள்ளே தள்ளிக் கொண்டுவந்து கீழ்ப்படிக்கு முன்னால் போட்டார். "இந்த வருஷம் நாலு படி," என்றார் சிரித்துக்கொண்டே.

பெட்டியைப் பிரிக்காதவரை சௌனா இல்லை, நாங்களும் இருக்கலாம் என்ற விஷயம் எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. புரிந்ததும் கும்பிட்டிருக்க வேண்டும். நானோ, "நாலு ஆகாது மேடம், ஒற்றைப்படைதான் வைக்கணும்," என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே!

பிர்கிட்டா மூன்று படியையும் பெட்டியையும் விரலால் எண்ணினார். மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே போனார். காபி மணியடிப்பதற்குள், ஐந்தாம் படிக்கு இன்னொரு பெட்டியைத் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.